அர்னோ பிடுங்காத பற்கள்

எர்வினோ டெஷ் என்பவருக்கு அர்னோ ஏழு மூட்டைக் காப்பிக்கொட்டை கடன்பட்டிருந்தார். அறுபத்தொன்றாம் வருஷத்துக் கடன். எழுதி வாங்கவில்லை, பிரேசில் மலையில் இருக்கிற அல்டோ பெத்ராவில் அந்த நாளில் யாரும் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. எர்வினோ தம் மூட்டைகளைக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிக் கீழே சந்தைக்கு அனுப்பினார், வந்த காசை அப்படியே அர்னோவின் கையில் வைத்தார். அந்தக் காசில் அர்னோ காலால் மிதித்து ஓட்டும் பல் குடையும் எந்திரம் ஒன்றும், ஒன்பது குறடுகளும், அரை மூட்டை பிளாஸ்டர் மாவும், ஒரு மர நாற்காலியும் வாங்கினார். நாற்காலியில் தலை சாய்க்க வசதி இல்லை. அதைத் தாமே செய்து மாட்டிக்கொண்டார்.

அர்னோ படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. காலில் செருப்பு ஏறியது பத்தொன்பதாவது வயதில். ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கிய ஒரு கிழவரின் பெட்டியை நாலு வருஷம் தூக்கிச் சுமந்து, அவர் சொல்லித் தராத தொழிலைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டவர். பட்டம் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் பத்தே வருஷத்தில் அந்த மலையில் அவர் விரல் போகாத வாய் இல்லை என்றாகிவிட்டது. சொந்த வீடு, சொந்தக் கிணறு, ஓட்டுக் கூரை, பிறகு ஒரு மோட்டார் சைக்கிள். யார் சிபாரிசும் இல்லாமல் இவ்வளவு சம்பாதித்த இன்னொருவரை அந்தப் பக்கத்தில் காட்டச் சொன்னால் ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கும்.

கடன் மூன்று வருஷத்தில் தீர்ந்தது. தீர்ந்த விதம்தான் விஷயம்.

அறுபத்துநாலில் எர்வினோவின் மகள் செல்மாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்து அந்த மலையில் குடியேறிய பொமரானியர்கள் பெண் கொடுத்தால் மாடு கொடுப்பார்கள், மெத்தை கொடுப்பார்கள், கூடவே பல்செட்டும் கொடுப்பார்கள். கட்டிக்கொண்ட பிறகு பல்வலி, வைத்தியச் செலவு என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கக் கூடாது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் வாயைக் காலி செய்து, வெள்ளை வெளேரென்று இரண்டு வரிசை மாட்டி அனுப்பிவிடுவார்கள். பெண்கள் அழுதார்களா என்றால், பிடுங்கிய அன்றைக்கு அழுதார்கள். கல்யாணப் படத்தில் சிரித்தார்கள்.

செல்மாவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்தாறு பற்களை அர்னோ பிடுங்கினார். எர்வினோ பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏழு மூட்டைக்கு இருபத்தாறாடா? மூட்டைக்கு நாலு கூட வரலையே."

"புதுசா இருபத்தெட்டு தர்றேனே மாமா. அதைக் கணக்குல சேக்க மாட்டீங்களா?"

"வாயால நல்லாச் சமாளிக்கிற. மத்தவன் வாயிலயே குடியிருக்கிறவனாச்சே."

அன்றைக்கே கணக்குத் தீர்ந்ததென்று எர்வினோ கை கொடுத்தார். அர்னோ அந்தக் கல்யாணத்தில் மூன்று நாள் ஆடினார். ஆனால் ஒரு சங்கதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்த்தாடையில் கடைசிப் பல்லைப் பிடுங்கியபோது ரத்தத்துக்குப் பின்னாலேயே வெள்ளையாக ஏதோ வந்தது. தயிரைத் துணியில் கட்டிப் பிழிந்தால் மிஞ்சுமே, அது போல. நாற்றம் இல்லை. வலித்ததா என்று கேட்டதற்குச் செல்மா இல்லையென்று தலையாட்டினாள். பல்லைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொத்தை இல்லை. அடுத்த பல்லிலும் இல்லை. இருபத்தாறில் இரண்டே இரண்டுதான் கெட்டுப் போயிருந்தன. முழு வாயையும் காலி செய்வது எல்லாருக்கும் செய்வதுதானே என்று குறட்டைக் கழுவி வைத்துவிட்டார்.

பல்செட் செய்வதற்கு ஈறின்மேல் மெழுகை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, ஆளின் தாடையையே கல்லாக வார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மற்றவர்கள் அதை உடைத்துப் போடுவார்கள். அர்னோ உடைக்க மாட்டார். பல்செட்டைக் கோழித் தீவன வாளிக்குள் தவறவிடுகிறவர்களும், குடித்துவிட்டு ஓடையில் துப்புகிறவர்களும் இருக்கிற ஊரில் பழைய தாடை கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். அடியில் பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதி அலமாரியில் அடுக்குவார். எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும். அதனால் அகர வரிசை இல்லை. மலையில் வீடுகள் எப்படி அடுத்தடுத்து இருக்கின்றனவோ அப்படியே அலமாரியில் தாடைகளும் இருக்கும். அப்பனுக்குப் பக்கத்தில் மகள், அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி. நானூற்றுச் சொச்சம்.

"ஊர்ல எல்லார் வாயும் இங்கதான் இருக்கு, ஒண்ணு கூடப் பேசறதில்ல. எனக்கு இது போதும்" என்பாள் அவர் மனைவி.

செல்மாவுக்கு மட்டும் பல்செட் நிலைக்கவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் கீழ்வரிசை ஆட ஆரம்பித்துவிடும், தாடை பின்பக்கம் புடைத்திருக்கும். அர்னோ புதிதாக அச்செடுத்துப் புதிதாகச் செய்து கொடுப்பார், காசு வாங்காமல். முகத்திலும் அவளுக்குத் தொல்லை. இருபத்திரண்டாவது வயதிலேயே மூக்கோரத்தில் முத்துப் போல ஒன்று எழும்பி, புண்ணாகி, ஆறாமல் நின்றது. வெட்டி எடுத்தால் இன்னொன்று வந்தது. எர்வினோவுக்கும் அப்படித்தான், எழுபத்தொன்றாம் வருஷம் அவர் சாகும்போது பாதி மூக்குதான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் அதிசயப்படவில்லை. வெளுத்த தோலோடு தலைமுறை தலைமுறையாகக் காப்பிச் சரிவில் வெயில் குடித்த சனம்; ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் காதிலோ கன்னத்திலோ ஒரு புண் இருக்கும். டெஷ் வீட்டாருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றார்கள்.

செல்மா அதற்கெல்லாம் மூலையில் உட்காருகிறவள் இல்லை. புருஷன் மரம் விழுந்து செத்த பிறகு முந்நூறு கோழிகளை ஒற்றை ஆளாக வைத்துக் காப்பாற்றினாள். அகலத் தொப்பி, அதற்குக் கீழே முகத்தைச் சுற்றி ஒரு துணி. "எனக்கு எத்தனை வயசுன்னு கோழிக்குக் கூடத் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஆகஸ்டில் அவள் தன் ஒரே மகள் மார்லியைக் கூட்டிக்கொண்டு அர்னோவிடம் வந்தாள். மார்லிக்குப் பதினெட்டு. இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். கல்யாணம் சொல்கிறவன், அதாவது செல்மாவின் தம்பி மகன், ஏற்கெனவே நூற்றுப் பன்னிரண்டு வீடு சுற்றி முடித்திருந்தான். வாசலில் நின்று பாட்டாக அழைப்புச் சொல்ல, அந்தந்த வீட்டுக்காரி அவன் சட்டையில் ஒரு ரிப்பனைக் குத்திவிட, ஆள் பூச்செடி மாதிரி திரும்பி வந்திருந்தான். ரிப்பன் குத்தினால் வருகிறோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தை யாராலும் நகர்த்த முடியாது.

செல்மா மேசைமேல் அந்த வருஷம் வந்த புதுப் பணத்தில் அறுநூறு குருசாடோ எண்ணி வைத்தாள்.

"பாதிப் பணம் அர்னோண்ணே. மீதி கல்யாணம் முடிஞ்சதும். எல்லாத்தையும் எடுத்துட்டு நல்ல செட்டா ஒண்ணு பண்ணிடு. ஏற்கெனவே தாடை வேற வீங்குது பாரு, என்னை மாதிரியே சொத்தை வாய்."

"எனக்கு வேணாம் மாமா" என்றாள் மார்லி நாற்காலியில் உட்கார்ந்தபடியே. "கட்டிக்கப் போற எல்மரே கேட்டான், உனக்கு என்ன எண்பது வயசான்னு."

"எல்மரோட அம்மா கேப்பா, பல்லு எங்கேன்னு."

"பல்லு வாயிலதான் இருக்குன்னு சொல்லும்மா."

"பாத்தியாண்ணே, வாயி. இதை வச்சுக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போறா."

அர்னோ சிரித்துக்கொண்டேதான் வாயைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றது. வீக்கம் இடது கீழ்த்தாடையில், கடைசிப் பல்லுக்குப் பின்னால். அழுத்தினார், வலிக்கவில்லை என்றாள். பற்கள் கழுவி அடுக்கிய சோளமணி போல இருந்தன. ஒன்றில் கூடச் சொத்தை இல்லை.

"இன்னைக்கு அச்சு மட்டும் எடுத்துக்கறேன். குறடு அப்புறம்" என்றார்.

"என்னைக்கு அப்புறம்? மூணு வாரம்தான் இருக்கு."

"சொல்றேன், போ."

மார்லியின் தாடை பிளாஸ்டரில் இறுகிய பிறகு, அதை வைக்க அலமாரியில் எர்வினோ வீட்டு இடத்துக்குப் போனார். எர்வினோவுடையது ஒன்று, செல்மாவுடையவை நாலு. மார்லியுடையதை அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆறு தாடையிலும் அதே இடம் புடைத்திருந்தது. எர்வினோவுக்கு இரண்டு பக்கமும். செல்மாவுக்கு முதலில் வலது பக்கம், எழுபத்துமூன்றில் இடதும் சேர்ந்து, எண்பதில் வலது இன்னும் பெரிதாக. பல்லே இல்லாத தாடை, பல் போய்ப் பதினாறு வருஷம் கழித்தும் வளர்ந்திருக்கிறது. பல்லில்தான் கோளாறு என்றால் பல் போன பிறகு எதற்கு வளர வேண்டும்? பக்கத்து வீட்டு வரிசைகளை எடுத்துப் பார்த்தார். அவர்களும் அதே வெயில், அதே சர்க்கரைக் காப்பி. ஒருவர் தாடையிலும் அந்தப் புடைப்பு இல்லை. நானூறையும் கையில் எடுத்துப் பார்த்து முடிக்க அன்று முழுவதும் ஆயிற்று; டெஷ் பங்காளிகள் இருவருடையதில் மட்டும் லேசாகத் தட்டுப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பாதியோடு நின்ற மனுஷர், ஒரு புத்தகத்தையும் திறக்காமல், இது ரத்தத்தில் இறங்கி வருகிறது என்று அந்த அலமாரி முன்னால் நின்றே கண்டுகொண்டார். அதோடு இன்னொன்றையும் கண்டுகொண்டார். செல்மாவின் நல்ல பற்கள் இருபத்துநாலைத் தாம் வீணாகப் பிடுங்கியிருக்கிறோம்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கீழே விட்டோரியா நகரத்திலிருந்து தோல் டாக்டர்கள் வேனில் ஏறி வந்து திருச்சபைக் கூடத்தில் உட்கார்ந்து மலைச் சனங்களின் புண்களைப் பார்ப்பார்கள். அர்னோ அந்தப் பக்கமே தலை காட்டமாட்டார். லைசென்ஸ் இல்லாதவர் டாக்டர் கூட்டத்துக்குள் போவதென்றால், போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாகப் போய்க் காப்பி கேட்பது மாதிரி. அந்தச் சனிக்கிழமை போனார். ஆறு தாடைகளையும் முட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்.

"முட்டை டஜன் என்ன விலைப்பா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இது பொரிக்கிற முட்டை இல்லக்கா."

உள்ளே இருந்தவள் நெய்டே என்ற டாக்டர், முப்பது வயதுக்காரி, நகரத்துப் பெண். பெட்டியைத் திறந்ததும் முதலில் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆறையும் வரிசையாக மேசைமேல் வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"அப்பா, மக, பேத்தி டாக்டரம்மா. அப்பா மூக்கு புண்ணாகியே செத்தாரு. மகளுக்கு இருபத்திரண்டு வயசுல இருந்து முகத்துல வந்துட்டே இருக்கு."

"இருபத்திரண்டா?" அவள் நிமிர்ந்தாள். "பெரிய நெத்தியா இருக்குமா? கண்ணு ரெண்டும் தள்ளித் தள்ளி?"

"அந்த வீட்டுக்காரங்களுக்குக் கடையில தொப்பி கிடைக்காது. தச்சுதான் போடணும்."

"உள்ளங்கையில குண்டூசியால குத்தின மாதிரி குழி குழியா இருக்கா?"

"கையை நான் எதுக்குப் பாக்கப் போறேன், நான் வாய்க்காரன்."

டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே சொன்னாள். இது ரத்தவழியில் வருகிற ஒரு அபூர்வ வியாதி. அப்பனுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தோலில் திரும்பத் திரும்பப் புற்றுக்கட்டி வரும். வெயில் அதை ஏவிவிடும். கதிர்வீச்சு வைத்தியம் மட்டும் வைக்கவே கூடாது, வைத்தால் பட்ட இடமெல்லாம் புதிதாக முளைக்கும். தாடை எலும்புக்குள்ளே பை மாதிரிக் கட்டி வரும்.

"அப்ப பல்லால வர்றது இல்லையா?"

"பல்லு பாவம். அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பல்லைப் பிடுங்கி மேல செட்டை மாட்டிடறீங்க, கட்டி அடியில உக்காந்து எலும்பைத் தின்னுட்டே இருக்கு. ஒரு நாள் ரொட்டி கடிக்கும்போது தாடை ஒடியும். அப்பத்தான் தெரியும்."

"இந்தப் பொண்ணுக்கு?"

"சீக்கிரமா அறுத்துச் சுரண்டி எடுத்துட்டா ஒண்ணு ரெண்டு பல்லுதான் போகும். விட்டா இந்தப் பக்கத் தாடையே போகும்." அவள் பேனாவை மூடினாள். "இவ அம்மாவுக்கு யாரு பல்லு எடுத்தது?"

அர்னோ தொப்பியை மடியில் இருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான்தான். ரெண்டைத் தவிர எல்லாம் நல்ல பல்லு."

டாக்டர் ஆறு தாடைகளையும் மறுபடி வைக்கோலில் அடுக்கினாள்.

"உங்க மேல புகார் எழுத நான் இங்க வரல ஐயா. ஆனா இனிமே நல்ல பல்லைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா நானே எழுதுவேன்."

"எழுதுங்க. நானே வந்து எப்படி எழுதணும்னு சொல்லித் தர்றேன்."

டாக்டர் நாளையும் இங்கேதான் இருப்பேன், அம்மாவையும் பெண்ணையும் கூட்டி வாருங்கள் என்றாள்.

அர்னோ நேராகச் செல்மாவின் கோழிக்கொட்டகைக்குப் போனார். அவள் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். மார்லி முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு செல்மா."

"எதுக்கு? சோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டியா?"

காட்டினாள். குழிகள் இருந்தன, ஊசி முனை அளவு, ஏராளமாக. "மூங்கில் கூடை குத்தினது" என்றாள். மார்லி தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். அவளுக்கும் இருந்தன. அவள் மூங்கில் கூடையைத் தொடுவதே இல்லை.

அர்னோ டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. செல்மா தீவன வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் பல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல."

"ரெண்டுல இருந்துச்சு."

"ரெண்டுல."

"அன்னைக்கே எனக்குத் தெரியும் செல்மா. தெரிஞ்சும் எடுத்தேன். உங்கப்பா கணக்கு முடியணும், எனக்கும் முடியணும்."

"இருபத்திரண்டு வருஷமா நான் ஆப்பிளைச் சுரண்டித் தின்னுட்டு இருக்கேன்" என்றாள் செல்மா. குரல் உயரவில்லை. "புருஷன் முன்னாடி ஒரு நாள் கூட இதைக் கழட்டினதில்ல. நீ போ அர்னோ."

'அண்ணே' விட்டுப் போயிருந்தது. அர்னோ அசையவில்லை.

"என்னைத் திட்டு. நாளைக்குக் காலையில புள்ளையக் கூட்டிட்டு மட்டும் வந்துடு."

"கல்யாணம் சொல்லியாச்சு. நூத்திப் பன்னெண்டு வீடு."

"அம்மா" என்றாள் மார்லி, "தாடை இல்லாம நான் எப்படி மாமியாகூடச் சண்டை போடுவேன்?"

செல்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். டாக்டர் பேசிய போர்ச்சுகீசு செல்மாவுக்கு அரைகுறை என்பதால் அர்னோ மொழிபெயர்க்க நின்றார். செல்மா அவர் முகத்தைப் பார்க்காமல் டாக்டருக்கு மட்டும் பதில் சொன்னாள். விட்டோரியாவில் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த நாள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

அன்று சாயங்காலமே மார்லி தானே போய் எல்மரிடம் சொன்னாள், பிறக்கப் போகும் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி என்பது வரைக்கும். எல்மர் வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னானாம்:

"எங்க வீட்டு முறம் மாதிரிக் காதைப் பாத்திருக்கேல்ல? அது பாதிக்குப் பாதி எல்லாம் இல்ல, எல்லாப் புள்ளைக்கும் முழுசா வரும். அதுக்கு நீ சம்மதிச்சேல்ல."

ஆக மாப்பிள்ளை நகர்ந்துகொடுத்தான். கல்யாணம்தான் நகர மறுத்தது. கல்யாணம் சொன்ன பையன், சொன்ன வாயால் திருப்பிச் சொல்ல மாட்டேன், அபசகுனம் என்று கையை விரித்துவிட்டான். வாங்கிய ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தவன் அந்த மலையில் அதுவரைக்கும் பிறக்கவில்லை.

"கொண்டா இங்க" என்று அர்னோ அந்தச் சட்டையை வாங்கினார்.

அவருக்கு ஐம்பது வயது நடந்துகொண்டிருந்தது. சட்டை தொப்பைமேல் மூடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு ரிப்பன்களோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். நாலு நாள். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, தொப்பியை எடுத்து, பாட்டில்லாமல் சொன்னார்: செல்மா மகள் கல்யாணம் அக்டோபருக்குத் தள்ளிப் போகிறது. பெண்ணுக்குத் தாடையில் கட்டி. அது ரத்தத்தில் வருவது, பல்லால் வருவதில்லை. அவள் அம்மாவுக்கும் இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை; பல் நல்லதென்று தெரிந்தும் பிடுங்கிவிட்டேன். இந்தப் பெண் சொந்தப் பல்லோடுதான் மணையேறுவாள். உங்கள் ரிப்பன் இது. அக்டோபரில் வருவதானால் மறுபடி குத்துங்கள்.

வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மடக்குக் கரும்புச் சாராயம் ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இருபதாவது வீட்டுக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அறுபத்தொன்பதில் அவரிடம் கல்யாணப் பல்செட் வாங்கிய ஒல்கா என்பவள் ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என்னோட பல்லு?"

"முக்காவாசி நல்ல பல்லு."

"தெரியும்ல உனக்கு அப்பவே?"

"தெரியும்."

ஒல்கா வாயிலிருந்து கீழ்வரிசையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பொக்கை வாயாலேயே சொன்னாள்.

"ரெண்டு மாசமா ஈறைக் கடிக்குது. காசு வாங்காம சரி பண்ணிக் குடு. குடுக்கறேன்னு சொல்லிட்டு ரிப்பனை வாங்கிட்டுப் போ."

கீழ்வரிசையையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் திரும்பி வந்தபோது சட்டைப்பையில் பல்செட் ஏழு, சட்டையில் ரிப்பன் நூற்றெட்டு. நாலு வீடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறவர்களில் எத்தனை பேர் தம் பிழையை நூற்றுப் பன்னிரண்டு கதவு தட்டிச் சொல்லியிருப்பார்கள்? அர்னோ சொன்னார். அதற்குப் பிறகு கல்யாணப் பெண்களின் வாயை அவர் காலி செய்ததே இல்லை. வருமானத்தில் பாதி அதோடு போயிற்று. இருந்த பாதியில் தலை நிமிர்ந்துதான் வாழ்ந்தார்.

மார்லிக்கு ஆபரேஷன் நடந்தது. புறா முட்டை அளவில் ஒரு கட்டி, எதிர்ப்பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொன்று. இரண்டு பல்தான் போயிற்று. அதே தடவையில் செல்மாவின் முகத்திலும் கழுத்திலும் பதினொரு இடத்தில் வெட்டி எடுத்து, தாடைக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்கள். இனி வருஷா வருஷம் வர வேண்டும், இரண்டு பேரும், பிறக்கிற பிள்ளைகளும். அர்னோவின் அலமாரியை நெய்டே டாக்டர் நேரிலேயே வந்து பார்த்தாள். இன்னும் இரண்டு டெஷ் வீட்டுத் தாடைகளை அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே அர்னோ எடுத்துத் தனியாக வைத்திருந்தார்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. முதல் நாள் வழக்கப்படி பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைத்தார்கள், அக்கார்டியன் துருத்திப் பெட்டி விடிய விடிய ஒலித்தது. மார்லி தாடையில் ஒரு தழும்போடு, இருந்த பற்கள் எல்லாம் தெரிய, கோழிக்காலைக் கடித்து இழுத்தாள். எல்மரின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் கடிக்குது" என்றாள் கடைசியில். "எம்மவனைக் கடிக்காம இருந்தாச் சரி."

அர்னோ கூட்டத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆடவில்லை. செல்மா அவருக்கு ரொட்டியும் இறைச்சியும் ஆள் மூலம் அனுப்பினாள், தான் வரவில்லை. இரண்டு மாதமாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தாமாகப் போய் நிற்கவும் அவருக்குக் கால் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வாசல் ஏறியவருக்கு அந்த ஒரு வாசல் மட்டும் உயரமாக இருந்தது.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை காலை, மறுபடியும் கடிக்கிறதென்று ஒல்கா திருப்பி அனுப்பிய கீழ்வரிசையை அவர் அரம் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அகலத் தொப்பி தெரிந்தது. செல்மா உள்ளே வந்து, யாரும் உட்காரச் சொல்லாமலே பல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்துணியை அவிழ்த்தாள். வெட்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக ஆறியிருந்தது.

"எம்மகளுக்குப் பல்லு செய்யலையே நீ."

"செய்யல."

"அப்ப முன்பணம் எதுக்கு உன்கிட்ட இருக்கு அர்னோண்ணே?"

அர்னோ அரத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வந்தார். அவர் கையில் இருந்தது அறுநூறு இல்லை. அவரிடம் இருந்த அத்தனை நோட்டும் இருந்தது, ஒரு கத்தையாக. செல்மா கத்தையைப் பார்த்தாள், நீட்ட இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்ன?"

"உன்னோடதுக்கு."

"என் பல்லுக்கு விலை போடாத. உன்கிட்ட அவ்வளவு பணம் கிடையாது."

"இருக்கறதைத் தர்றேன்."

"இருக்கறதை வச்சுக் கண்ணாடி வாங்கிப் போடு, அரம் போடறேன்னு விரலைச் சீவிக்கப் போற. நான் குடுத்தது அறுநூறு. அதை எண்ணு. வாய்விட்டு எண்ணு, எனக்குக் கேக்கணும்."

அவள் கையை விரித்து நீட்டினாள். அர்னோ கத்தையிலிருந்து நூறு நூறாக உருவினார். பழைய நோட்டுகள், மேலே புது முத்திரை குத்தியவை. ஒவ்வொன்றையும் அவள் உள்ளங்கையில் வைத்து, மடிப்பை நீவிவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

"நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு." ஐந்தாவது நோட்டு ஆறாவதோடு ஒட்டிக்கொண்டிருந்தது, விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார். "ஐந்நூறு. அறுநூறு."